களைப்புக்குச் சான்று எங்கே?

உத்திரமேரூரை அடுத்த சிற்றூரொன்றில் ஆசிரியப் பணி புரியும் நாம், அண்மையில் ஓர் அம்மையாருக்கு மாற்றுத்திறனாளிச் சான்று கேட்டு மனு எழுதித் தந்தோம். 2021இல் அவருக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்தது, போனது. களைப்பு மட்டும் போகவில்லை. ஒரு நாள் நாற்று நட்டால் மூன்று நாள் பாயை விட்டு எழ இயலாது. மாமியார் காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடித்தார். ஊரார் சோம்பேறி என்றனர். மருத்துவர் குருதியைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதினார். அந்தச் சீட்டைக் காட்டியே அலுவலர் மனுவைத் திருப்பிவிட்டார்.

வேப்பிலையைக் கண்டு நகைத்தோம். ஆனால் தோழர்களே, நம் படிப்பக நண்பர் ஒருவர், "ஆண்டவனைக் காட்டு என்று கேட்கும் நாம், காணாத நோயை மட்டும் ஒப்புவதா?" என்றாரே, அப்போது நகைப்பு நின்றது. கேள்வி கூரியது, தட்டிக் கழிக்கலாகாது.

ஆண்டவன் பெயரால் பேசுவோன் சோதனைக்கு இணங்கான். இந்த அம்மையாரோ, "இன்று உழைத்தால் நாளை விழுவேன், வந்து பாருங்கள்" என்று சோதனைக்கு நம்மை அழைக்கிறார்! நாட்பட்ட களைப்பு நோய் என்று மருத்துவ ஏடுகள் கூறுவதன் தலையாய குறி இதுவே. அந்நோயாளரை அடுத்தடுத்து இரு நாள் மிதிவண்டிக் கருவியில் மிதிக்கச் செய்த ஆய்வுகள் பலவற்றில், இரண்டாம் நாள் ஆற்றல் குன்றியது தெரிந்தது. ஒரு நாள் சோதனையில் அது புலப்படாது. அம்மையாருக்கு இந்நோய்தான் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. தேடாமலே இல்லை என்பது பகுத்தறிவா என்றே கேட்கிறோம்.

கற்றோரும் இப்படிச் சறுக்கியதுண்டு. 1955இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 ஊழியர் இத்தகைய நோயில் வீழ்ந்தனர். மருத்துவமனையையே மூட நேர்ந்தது. 1970இல் மருத்துவர் இருவர் பழைய ஏடுகளைப் புரட்டி, அது கூட்டு மனமயக்கம் என்று எழுதினர். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று, நோயுற்றோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது! உலக நலவாழ்வு நிறுவனமோ 1969இலேயே இதை நரம்பு நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் தேறலாம் என்ற பரிந்துரையை இங்கிலாந்து கைவிட 2021 வரை ஆயிற்று.

நம் நாட்டில் இன்னொரு வினை. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. களைத்த பெண் என்பதே இயல்பான காட்சி ஆகிவிட்ட இடத்தில், அவர்களில் ஒருத்தி "இது வேறு களைப்பு" என்றால் யார் காது கொடுப்பார்?

உத்திரமேரூர்க் கல்வெட்டின் புகழை நாடே பேசுகிறது. நிலமும் வீடும் மறையறிவும் உடையோர்க்கே குடவோலை என்று அதில் வெட்டியிருப்பதையும் படிக்க வேண்டும். யார் சொல் அவையேறும் என்பதை அன்று கல் சொன்னது. இன்று சீட்டு சொல்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயின் பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற வரி உண்டு. அதைச் சுட்டி மறுபடி மனு எழுதியிருக்கிறோம். திங்களன்று அம்மையாருடன் அலுவலகம் செல்கிறோம். பேருந்தில் நின்றே வர நேர்ந்தால், திரும்பியபின் இரு நாள் படுத்துவிடுவார். அலுவலர் காணப்போவதோ, தம் கால்களால் நடந்து வந்து நிற்கும் ஒரு பெண்ணை.