வீடு கொடுப்பவர் யார்?

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30. கணபதியை நீரில் கரைத்துவிட்டு மக்கள் அயர்ந்து உறங்கிய பின்னிரவில், மராட்டியத்தின் லாத்தூர் பகுதியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். பெரும்பாலோரை மாய்த்தவை மண்சாந்து வைத்த கற்சுவர்களும் அவை தாங்கிய கனத்த மண்கூரைகளுமே.

மிகவும் சிதைந்த 52 ஊர்களை வேறிடங்களில் புதிதாக அமைத்தனர். பிறர் வரைந்த வரைபடம், பிறர் எழுப்பிய சுவர். வீடு வலியதுதான், ஆனால் பழைய அண்டை வீட்டார் எங்கோ வேறொரு வரிசையில். சேதம் குறைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் அரசு தவணைகளில் பணம் தர, குடும்பத்தாரே வீட்டைச் செப்பனிட்டு வலுப்படுத்தினர். ஸ்வயம் சிக்ஷண் பிரயோக் என்னும் அமைப்பின் துணையுடன் கிராமப் பெண்களே இதற்கு வழிகாட்டினர். 2001-இல் கட்ச் நடுங்கியபோது அப்பெண்கள் குஜராத்துக்குச் சென்று தாம் கற்றதைக் கற்பித்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைக்கும் வந்தனர்.

தேசம், காலம், பாத்திரம் அறிந்து அளிப்பதே சாத்துவிக தானம் என்கிறது கீதை. பாத்திரம் என்றதும் பெறுபவரின் தகுதியை எடைபோட விரைகிறோம். அவருடைய கைத்திறனும் அதில் அடங்காதா? அக்கையைச் செயலற்றதாக்கும் கொடையில் நம் அகந்தை ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. (இடிபாடுகளிடையே மக்கள் தவிக்கும் முதல் வாரத்தில் இவ்விசாரம் வேண்டாம், உணவும் போர்வையும் அப்போது கேளாமலே கொடுக்க வேண்டியவை.)

தாராவியில் நிலம் நடுங்கவில்லை. சதுப்பைத் தூர்த்து, திருநெல்வேலியிலிருந்து வந்தோர் முதலான பலரும் தம் கையால் எழுப்பிய வீடுகள் அங்குள்ளவை. அவற்றை மாற்றியமைப்பது பற்றி மாதுங்காவிலும் செம்பூரிலும் அமர்ந்து பேசும் நாம், அவ்வீட்டுப் பெண்மணியிடம் அடுப்பங்கரை எங்கே அமைய வேண்டும் என்று கேட்டிருக்கிறோமா?