யாருடைய தாமதம்?

விருத்தாசலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பீங்கான் தொழிற்சாலை வைத்திருக்கிறார். பெரிய ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் கட்டை ஆகியவற்றைச் செய்கிற, முப்பது பேர் பிழைக்கிற ஒரு கொட்டகை. அதன் ஓரத்தில் ஓர் ஆபீஸ். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர்கள். அந்த ஐந்துக்கும் தலைமையாக உள்ளறையில் ஒரு சர்வர்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அங்கே போயிருந்தேன். மணி ஒன்பது பதின்மூன்று. நண்பர் ஒரு பெண்ணைக் கடிந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒன்பது மணி ஆபீஸுக்கு ஒன்பது மணிக்கு வரணும்ங்கிறதுகூடத் தெரியாதா?"

"எட்டு அம்பத்தஞ்சுக்கே வந்துட்டேன் ஸார். கம்ப்யூட்டர்தான் தொறக்க நேரமாவுது."

"மத்த நாலு பேருக்கும் தொறக்குது. உனக்கு மட்டும் தொறக்காதோ?"

அவள் பதில் சொல்லவில்லை. மங்கலம்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அந்த ஆபீஸில் வருகைப் பதிவு கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, திரை முழுவதும் விரிந்த பிறகுதான் 'வந்தேன்' என்று பதிய முடியும். மாதத்தில் மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

நண்பர் என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, இந்தக் காலத்துப் பிள்ளைகளை?" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று பிரிண்டரைச் சரிசெய்ய ஓர் இளைஞன் வந்திருந்தான். இந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தது. அவன் யாருக்காகவும் பரிந்து பேசவில்லை. "ஒரு நிமிஷம் பார்க்கலாமா ஸார்?" என்று மட்டும் கேட்டான். அவன் செய்த முதற் காரியம் மிகவும் எளியது. அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் வேறொரு குமாஸ்தாவை உட்காரவைத்து, அவர் பெயரில் திறக்கச் சொன்னான். முப்பது விநாடியில் திறந்தது. பிறகு அந்தப் பெண்ணை வேறொரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்தான். அங்கேயும் அவளுக்குப் பதின்மூன்று நிமிஷம் ஆயிற்று.

"நான் சொன்னேனே!" என்றார் நண்பர். "மெஷின்ல ஒண்ணும் கோளாறில்லை. கோளாறு இவகிட்டத்தான்."

யோசித்துப் பாருங்கள். அந்த நிமிஷத்தில் விசாரணையை முடித்திருந்தால் தீர்ப்பு என்னவாகியிருக்கும்? சாட்சியம் முழுவதும் அவளுக்கு விரோதம். அவள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார், அவருக்குத் தாமதமில்லை. இன்னோர் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். தாமதம் அவளோடு கூடவே போயிற்று. பாரபட்சமில்லாத பரீட்சை!

ஆனால் அந்த இளைஞன் அங்கே நிற்கவில்லை. "கோளாறு அக்காகிட்ட இல்லை ஸார், அவங்க பேர்ல இருக்கு. அந்தப் பேர் மேல என்ன ஏத்தி வெச்சிருக்குன்னு பார்க்கணும்" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே எந்திரத்தைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் முறையை 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் செய்துகாட்டினார்கள். அவரவர் சரக்கை அவரவருக்கென்று பிரித்து வைக்கக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் வந்தது அந்த முறையோடுதான். இன்றைய ஆபீஸ்களில் அது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. உங்கள் சரக்கைச் சர்வரில் வைத்துவிட்டால், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பெயரைச் சொன்னாலும் அது அங்கே வந்து சேரும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புதுச் சமாசாரமல்ல. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊரில்தான், சுந்தரர் தமக்குக் கிடைத்த பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. அங்கேயும் பொன் உடனே வரவில்லை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று பரவையார் நகைத்தாராம். நல்லவேளை, யாரும் சுந்தரருக்கு அரை நாள் பிடிக்கவில்லை!

சரி, அந்தப் பெண்ணின் பெயரில் என்ன இருந்தது? ஒன்பது ஜிகாபைட் அளவுக்குப் புகைப்படங்கள். சூளையிலிருந்து விரிசலோடு வெளிவரும் ஒவ்வொரு உருப்படியையும் படம் பிடித்து வைக்கும்படி நண்பர்தான் அவளிடம் சொல்லியிருந்தார். சரக்கு வாங்குகிறவர்கள் புகார் சொன்னால் காட்டுவதற்காக. அவள் ஒரு படத்தைக்கூடத் தவறவிடாமல், எல்லாவற்றையும் தன் திரையின் முகப்பிலேயே அடுக்கி வைத்திருந்தாள். ஐந்து கம்ப்யூட்டர்களும் பொதுவானவை என்பதால், ஒருவர் வேலை முடித்து வெளியேறியதும் அவருடைய பிரதியை அழித்துவிட வேண்டும் என்று சர்வரில் கட்டளை. ஆகவே தினமும் காலையில் அந்த ஒன்பது ஜிகாபைட்டும் முதலிலிருந்து பயணம் புறப்பட்டது. அங்கே இருந்ததோ விநாடிக்கு நூறு மெகாபிட் மட்டுமே கடத்தும் பழைய இணைப்பு. தடையே இல்லாமல் ஓடினாலும் பன்னிரண்டு நிமிஷம் வேண்டும்.

அதோடு போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் தூக்கி எறியப்பட்ட பழைய சர்வரின் விலாசமும் அவள் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நாளும் அந்த விலாசத்தைக் கூப்பிட்டு, பதில் வராதா என்று காத்திருந்து, ஏமாந்து, பிறகு மேலே நடந்தது. செத்துப்போனவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி!

மற்ற நால்வரின் முகப்பு காலியாக இருந்தது. அவர்களிடம் யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி. சுமை மட்டும் ஒருத்திக்கு. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய அவளுடைய தாமதம் வளர்ந்துகொண்டே போயிற்று.

இந்த நிமிஷங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உலகத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேலை முடிந்து வெளியேறும்போது சோதனைக்காக வரிசையில் காத்திருந்த அமேசான் கிடங்குத் தொழிலாளர்களுக்கு, அந்த நேரத்துக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. லாஸ் வேகஸ் நகரத்தில் தொலைபேசி மையமொன்றின் ஊழியர்கள், கம்ப்யூட்டர் திறக்கும்வரை காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கேட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் அவர்கள் வேலையே இல்லை. ஆகவே அதைத் திறப்பதும் வேலைதான் என்று 2022-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சட்டம் இப்படி நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருக்கட்டும். என் மனத்தை அரிப்பது வேறொன்று.

'அவள் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்பது நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த தர்மம். அது போதாது என்று அன்று கண்டேன். அவள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார் அல்லவா? அவர் தம் காலியான முகப்போடு உட்கார்ந்தார். முப்பது விநாடியில் திறந்துவிட்டது. இன்னொருவர் நாற்காலியில் உட்காரும்போது நாம் நம்முடைய இலேசான மூட்டையோடுதான் உட்காருகிறோம். பிறகு, 'எனக்கு ஒன்றும் கஷ்டமாயில்லையே, உனக்கு என்ன?' என்று கேட்கிறோம். வறுமையைப் பற்றியும், பெண்களைப் பற்றியும், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளைப் பற்றியும் நாம் சொல்லும் தீர்ப்புகளில் பாதி இந்த ரகம்தான். நாற்காலியை மாற்றிப் பார்ப்பது நியாயத்தின் ஆரம்பம், முடிவல்ல. மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதிலே நாமே கட்டிக்கொடுத்த சரக்கும் இருக்கக்கூடும்.

என் நண்பருக்கு இது தெரியாததல்ல. சூளையில் ஓர் உருப்படி விரிசல் விட்டால் அவர் அதன் மேல் கோபிப்பதில்லை. களிமண்ணில் குறையா, ஈரம் சமமாக உலரவில்லையா என்று விசாரிப்பார். சூடு இறங்கும்போது, 573 டிகிரியை ஒட்டிக் களிமண்ணிலுள்ள படிகக்கல் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் பண்டம் தெறிக்கும். அதனால் ஆறப்போட்டது சரியா என்றும் பார்ப்பார். மண்ணுக்கு இத்தனை விசாரணை வைக்கிற மனிதருக்கு, மனுஷிக்கு ஒரு விசாரணை வைக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

இளைஞன் படங்களையெல்லாம் சர்வரிலேயே ஒரு பொது இடத்துக்கு மாற்றினான். செத்த விலாசத்தை நீக்கினான். அவளுக்கும் இப்போது முப்பது விநாடிதான்.

"இத்தனை மாசமா ஏம்மா சொல்லலை?" என்று கேட்டார் நண்பர்.

"மத்தவங்களுக்கெல்லாம் தொறக்குதே ஸார். எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியா வரலைன்னு நெனச்சிட்டேன்."

நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவராகவே சொன்னார். ஆனால் எவ்வளவு? அவள் தினமும் பெயரைக் கொடுத்த நேரம் சர்வரின் குறிப்பில் இருந்தது. எல்லாம் ஒன்பதுக்கு முன். ஆனால் இரண்டு மாதத்துக் குறிப்புதான் மிஞ்சியிருந்தது. அதற்கு முந்தியது அழிந்துவிட்டது.

"அதுக்கு முன்னாடி பதினொரு தரம் அரை நாள் பிடிச்சிருக்கு. சாட்சி ஒண்ணுமில்லையே" என்றார் நண்பர், ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அதுல ஒரு அரை நாள் மெஷினால இல்லைங்க ஸார். ஐப்பசி மாசம் மழையில மூணு நாளும் பஸ் லேட்டு."

நண்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார்.