பரிமாறும் உரிமை

பெற்றோரை முதியோர் இல்லத்தில் கொண்டு விடுவது பாவமா, இல்லையா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று ஒருவரும் சொல்லமாட்டார். பாவம் என்கிறவர்கள் நம்முடைய பண்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். இல்லை என்கிறவர்கள் காலம் மாறிவிட்டதைப் பற்றிப் பேசுவார்கள். சம்பந்தப்பட்ட கிழவரையோ கிழவியையோ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர்கள் இரண்டு கட்சியிலும் குறைவு. பெண்ணைக் கேட்காமலே முகூர்த்தம் குறித்துப் பழகிய தேசந்தானே!

அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பத்திலே கிழவர்கள் ராஜா மாதிரி இருந்தார்கள் என்பது முதல் கட்சியின் வாதம். சில வீடுகளில் இருந்தார்கள், வாஸ்தவம். சொத்து பத்திரம் கிழவர் பெயரில் இருக்கும்வரை இருந்தார்கள் என்பது இன்னும் வாஸ்தவம். மற்ற வீடுகளில் கிழவரின் கட்டில் முதலில் பட்டகசாலையிலிருந்து திண்ணைக்கு வந்தது. பிறகு தொழுவத்தை ஒட்டிய சாய்ப்புக்குப் போயிற்று. எங்கள் தென்காசிச் சீமைக்கு அடுத்த விருதுநகர் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்ததை 2010-ஆம் ஆண்டு பத்திரிகைகள் எழுதின. படுக்கையில் விழுந்தவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக்காட்டி, இளநீரைக் கொடுத்து, ஒரேயடியாக அனுப்பி வைப்பது. அதை எந்த மேல்நாட்டு இல்லமும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. சொந்த மண்ணில் முளைத்த செடி அது.

இன்னொரு சாட்சியும் உண்டு. பிள்ளைகள் பெற்றோரைக் காப்பாற்றுவது இயற்கையாக நடக்கிற காரியமானால் அதற்குச் சட்டம் எதற்கு? 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே பெற்றோருக்கு ஜீவனாம்சம் கேட்க வழி செய்தார்கள். அது போதாமல் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. மூத்தவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பாக அந்தச் சட்டம் வைத்தது மாதம் பத்தாயிரம் ரூபாய். காப்பாற்றுவான் என்ற நிபந்தனையோடு மகனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்து, அவன் காப்பாற்றாவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது 23-ஆம் பிரிவு. இது முதியோருக்காக வந்த சட்டம், அவர்கள் பக்கம் சாய்ந்தே இதற்குப் பொருள் கொள்ளவேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்கில் ஜெயித்த தாய்க்கு வீடு திரும்பி வரும். மறுநாள் காலையில் அந்த வீட்டில் அவள் யாருக்குக் காப்பி போடுவாள்?

பண்பாடு பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னொரு சந்தேகம். அவர்களில் எத்தனை பேர் படுத்த படுக்கையாய்க் கிடந்த தகப்பனாரின் துணியைத் தம் கையால் அலசியிருப்பார்கள்? பெரும்பாலும் அலசியது மருமகள். பண்பாடு என்ற பெரிய மூட்டையை ஆண்கள் கட்டுவதும், அதைப் பெண்கள் தூக்குவதும் நம் ஊர் ஏற்பாடு. புத்தி தடுமாறி, நடு ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு, ஐம்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன அண்ணனைத் தேடிக்கொண்டு ரஸ்தாவில் நடக்கிற மாமனாரை ஒரு பெண் எத்தனை நாள் தனியாகக் காவல் காப்பாள்? அந்த நிலையில் பழகிய கைகள் உள்ள இல்லம் ஒன்று கிடைத்தால் அது கருணை. அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

வடகரைப் பக்கம் போனால் விஷயம் வேறு விதமாகத் தெரிகிறது. அச்சன்புதூருக்கும் பண்பொழிக்கும் அடுத்த ஊர். மேக்கரையில் அடவிநயினார் அணை. வயலும் தென்னையுமாக மலையடிவாரம் வரைக்கும் பச்சை. ஆனி ஆடியில் குற்றாலத்தில் விழுகிற சாரல் இங்கேயும் விழும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வளைகுடா நாடுகளிலும், சென்னையிலும், பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் மாடிகள் எழும்பியிருக்கின்றன. மாடி பூட்டியே கிடக்கிறது. கீழே இரண்டு கிழ ஜீவன்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. எதிர் வீட்டில் ஒரு ஜீவன்தான். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தால், முதியோர் இல்லம் என்று பலகை மாட்டாத முதியோர் இல்லமாகத் தெரிகிறது. பலகை மாட்டிய இல்லத்திலாவது நேரத்துக்குச் சாப்பாடும், மாத்திரை எடுத்துக்கொடுக்க ஒரு தாதியும் இருப்பார்கள். இங்கே வழுக்கி விழுந்தால் பால்காரன் வரும்வரைக்கும் கிடக்கவேண்டியதுதான்.

அப்படி விழுந்து எழுந்த ஒரு பெரியவரின் வீட்டில் மகன் காமிரா மாட்டியிருக்கிறான். துபாயிலிருந்தபடியே கைபேசியில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல பிள்ளை; குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர் அந்தக் கண்ணாடிக் கண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அவன் என்னயப் பாக்கான் தம்பி. நான் அவனப் பாக்க முடியலியே!"

இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் என் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. மூத்தவர்களை யார் பார்த்துக்கொள்வது என்று நாம் விவாதிக்கிறோம். அவர்கள் யாரைப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை.

தர்மம் நடத்துகிற ஓர் இல்லத்துக்கு ஒரு முறை போயிருந்தேன். சுத்தமான இடம். நடத்துகிறவர்கள் மரியாதைப்பட்டவர்கள். அங்கே ஒரு ஆச்சி. கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துப் பழகிய உடம்பு என்று பார்த்தவுடனே சொல்லலாம். என்ன குறை என்று கேட்டேன். "சோத்துக்கு ஒரு குறையும் இல்லய்யா. யாருக்கும் ஒரு வாய் போடத்தான் வழியில்ல" என்றாள். அடுப்படிக்குள் இல்லத்துக்காரர்களை விடுவதில்லை. நெருப்பு, வெந்நீர், அரிவாள்மணை. வயசானவர்களுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது? நியாயமான சட்டம். நான் கிளம்பும்போது ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலைக் காப்பியோடு கொடுத்த இரண்டு பிஸ்கட்டைத் தின்னாமல் முடிந்து வைத்திருந்தாள். "இருய்யா, வெறும் வயித்தோட போவாத" என்று கையில் திணித்தாள். நின்று தின்றேன். தின்று முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபது வருஷம் பிறருக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு என்று சொல்லிவிட்டு, வேளா வேளைக்குத் தட்டை நீட்டுகிறோம். வாங்கிக்கொள்வது மாத்திரமே ஒரு மனுஷியின் வேலையென்று ஆக்கிவிட்டால், சோறு எத்தனை ருசியாயிருந்தாலும் அதில் பிச்சையின் வாடை வந்துவிடுகிறது. வீட்டிலும் இதே கதை நடக்கிறது என்பதை மறக்கவேண்டாம். 'நீங்க பேசாம இருங்கம்மா' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வீடுகள் நமக்குத் தெரிந்தவைதாம். மகன் மடியில் தலை வைத்துச் சாகிற பாக்கியம் கிடைத்தும், சாகிறதற்கு முந்திய பதினைந்து வருஷத்தில் ஒருவரும் ஒரு யோசனைகூடக் கேட்காத தாய்மார்கள் எத்தனையோ பேர்.

ரசிகமணி டி.கே.சி. 1954-இல் காலமாகிற வரைக்கும் குற்றாலத்தில் வாழ்ந்தார். மகனைப் பறிகொடுத்த தகப்பன் அவர். ஆனால் தனிக் கிழவராக அவரை யாரும் நினைத்ததில்லை. அருவியில் குளித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனால் சாப்பாடும் உண்டு, கம்பனும் உண்டு. இரண்டையும் அவரே பரிமாறினார். எல்லாரும் டி.கே.சி. ஆக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் கம்பன் இல்லாவிட்டாலும் ஊறுகாய் பக்குவமாவது ஒவ்வொரு கிழவியிடமும் இருக்கிறதே!

அந்நியர் கையால் பராமரிக்கப்படுவது அவமானம் என்கிறார்களே, அதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தென்காசிக் கோயிலைக் கட்டியவன் பதினைந்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் பராக்கிரமன். இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைப் பிற்காலத்தில் செப்பனிடப் போகிறவர்கள் யாராயினும் அவர்கள் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ராஜா! என் மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கட்டளை போட்டிருக்கலாம். பிறக்காத அந்நியனிடம் போய்க் கை கூப்பி நின்றான். பிறகு கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990-இல் ஊரார் கூடிப் புதிதாக எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தார்கள். அவர்கள் யாரும் பாண்டியன் வம்சமில்லை.

சென்னையில் 1978-இல் சாவித்திரி வைத்தி தொடங்கிய 'விச்ராந்தி'யும் அப்படிப்பட்ட அந்நியர் கைதான். ஆதரவற்ற மூதாட்டிகளுக்கு வீடாயிற்று. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி, ஏழை முதியோருக்கு இல்லம் அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ('லாம்' என்ற விகுதி அரசாங்கங்களுக்கு எத்தனை சௌகரியமானது!) தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டபடியால், கணக்குப்படி எங்கள் பங்குக்கும் ஒன்று வேண்டும்.

காசு உள்ளவர்களுக்குக் கோயம்புத்தூரைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பல வந்திருக்கின்றன. பெருந்தொகை கொடுத்து வீட்டை வாங்கிக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் வாடகை. சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் மாதா மாதம் தனிப் பணம். குளிக்கிற அறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, படுக்கைக்குப் பக்கத்தில் கூப்பிடு மணி, கூப்பிட்டால் ஆள். எங்கள் பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்று வெகு நாளானவர், சம்சாரத்தோடு அப்படி ஒன்றுக்குப் போய்விட்டார். யாரும் அனுப்பவில்லை, அவரே ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போனார். அமெரிக்காவில் இருக்கிற மகளுக்குத்தான் மனசு கேட்கவில்லை, தினம் போனில் அழுதாளாம். "மக வீட்டுக்குப் போனா நான் விருந்தாளி. இங்க குடித்தனக்காரன்" என்று அவர் சொல்லிவிட்டார். வாத்தியார் அல்லவா, கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

போன ஆவணியில் அவர்களைப் பார்க்கப் போனேன். தோட்டம், நூலகம், வைத்தியர் வருகிற நாள் எல்லாவற்றையும் வாத்தியார் சுற்றிக் காட்டினார். நான் அம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அடுப்படிக்குள் விடுகிறார்களா?

"முதல்ல விடல. நாங்கதான் விடுவமா?" என்றார் அம்மாள். குடியிருப்பவர்கள் சேர்ந்து சமையலுக்கு ஒரு குழு போட்டு, நிர்வாகத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். இப்போது வெள்ளிக்கிழமை ஒரு வேளை சமையல் இவர்கள் பொறுப்பு. தூக்குவதற்கும் இறக்குவதற்கும் பையன்கள். பக்குவம் சொல்வதும், தாளித்துக் கொட்டுவதும், பந்தியில் நின்று கேட்டுக் கேட்டுப் போடுவதும் அம்மாமார்கள். நான் போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நாற்பது பேருக்குத் திருநெல்வேலிச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இந்த அம்மாள் செய்தாராம். சாப்பிட்டுவிட்டு, கீழ் வீட்டு ஈரோட்டுக்காரர் ஒருவர் சொதியில் உப்பு ஒரு கல் கூடிப்போயிற்று என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு நாளா அந்த மனுஷன்கிட்ட நான் பேசவே இல்ல" என்றார் அம்மாள். கோபம் இன்னும் முகத்திலே இருந்தது.