வண்டியை முதலில் வேறு வையுங்கள்

கீழச்சிவல்பட்டிப் பக்கம் யாரிடமாவது கார் வாங்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். என்ன வண்டி, என்ன கலர் என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான். "கடனா? நூத்துக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகனும் அதில்தான் மாட்டினான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு எட்டு லட்சத்தில் ஒரு கார் வாங்க நினைத்தான். கையில் இரண்டு லட்சம் இருந்தது.

"ஏழு பெர்சென்ட்தான் அம்மான். ஆறு லட்சம், அஞ்சு வருஷம், மாசம் பதிமூவாயிரத்து ஐநூறு."

மாதம் 13,500 என்றால் 60 மாதத்தில் 8,10,000. வட்டி மட்டும் 2,10,000. ஏழு சதவீதம் என்றது ஃபிளாட் ரேட். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், கடைசித் தவணை வரைக்கும் முழு ஆறு லட்சத்துக்கே வட்டி ஓடும். குறைகிற அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அது பன்னிரண்டரை சதவீதம். "மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியைத் தாண்டிருச்சேப்பா" என்றேன். அதே கடன் குறையும் அசலுக்கு ஒன்பது சதவீதத்தில் கிடைத்தால் தவணை சுமார் 12,450, மொத்த வட்டி ஒன்றரை லட்சத்துக்குள். 2024 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம்.

சேர்த்து வாங்கினால்? அதே 12,450-ஐ ஆறரை சதவீதம் தரும் ஆர்டி கணக்கில் போட்டுவந்தால் 43 மாதத்தில் ஆறு லட்சம் கைக்கு வரும். தாளில் பார்த்தால் இதற்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் அவன் சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. பஸ் பிடிச்சுத் திருப்பத்தூர் போய், அங்கேயிருந்து இன்னொரு பஸ்ஸில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறார். நாலு வருஷம் கழிச்சு யாருக்கு அம்மான் கார்?" சீட்டு என்று நடுவழி ஒன்று உண்டு, முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு சேமிப்பு. ஆனால் ஏலத்தில் தள்ளிக் கொடுத்து எடுக்கும் பணம், வங்கிக் கடனைவிட மலிவு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

கடன் கொடுத்தே பெயர் வாங்கிய செட்டிநாட்டுச் சீமை இது. அந்தத் தொழிலில் இங்குள்ளவர்களுக்குப் பெரிய அடி பர்மாவில் விழுந்தது. நெல் விவசாயிகளுக்கு நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு நகரத்தார் செட்டியார்கள் கொடுத்த பணம், 1930களில் நெல் விலை சரிந்ததும் திரும்பவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது.  1942இல் ஜப்பான் படை வந்ததும் கணக்குப் புத்தகத்தோடு ஓடி வந்தவர்கள் உண்டு. நிலம் அங்கேயே நின்றுவிட்டது. கடனைத் திருப்பித் தருவது ஈடு இல்லை, விளைச்சல்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக் காரிலிருந்து விளைச்சல் கிடையாது. ஈடாகவும் அது தேறாது. இன்ஷூரன்ஸ் கணக்குப்படியே ஐந்தாம் வருஷத்தில் அதன் மதிப்பு பாதி. எங்கள் ஊர் வாடகைக் கார்க்காரரும் கடனில்தான் வண்டி எடுத்தார். அவர் செய்தது சரி; அந்த வண்டியே ஓடித் தன் தவணையைக் கட்டுகிறது. மருமகன் வாங்கும் காரோ முகப்பில் உறை போட்டு நிற்கும். இன்னொன்றையும் கேட்டேன்: "ஓட்டப் போறது யாரு?" அத்தானுக்கு ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஆக்டிங் டிரைவர் வைக்க வேண்டும். அந்தச் செலவு அவன் கணக்கில் இல்லவே இல்லை.

நகரத்தார் வீடுகளில் வேறு வைத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனுக்கு அதே பெரிய வீட்டில் தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்து, அதற்குள் குடும்பம் நடத்தச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஈவிரக்கமில்லாததாகத் தோன்றும். எனக்கு அதைவிட நல்ல பாடம் தெரியாது. காரையும் வாங்குவதற்கு முன்னாலேயே அப்படி வேறு வைத்துவிடலாம் என்றேன். ஒரு வருஷம், மாதம் 18,000. அதில் 12,500 சேமிப்பு. மீதி 5,500 பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ், டிரைவர் என்று கார் எப்படியும் தின்னப்போகிற பணம். இப்போது அதில் அத்தான் வாடகைக் காரில் மதுரைக்குப் போய் வரட்டும். வருஷக் கடைசியில் ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கையில் இருக்கும். கடன் நாலரை லட்சம் போதும். அதே ஒன்பது சதவீதத்தில் நாலு வருஷத் தவணை மாதம் 11,200, வட்டி சுமார் 87,500. இடையில் கார் விலை ஏறினாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. மாதம் 18,000 எடுத்துவைக்க முடியாமல் திணறினால், கடன் வாங்கியிருந்தாலும் அதே திணறல்தான். என்ன, அப்போது நோட்டீஸ் வரும்.

அரை மனசோடு ஒத்துக்கொண்டான். இதுவரை மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை மதுரைப் பயணம். 5,500-இல் மிச்சமே விழுகிறது. கார் வேண்டுமா என்றே இப்போது அவனுக்குச் சந்தேகம். அத்தானுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. கலர் வெள்ளைதான் என்று முடிவு செய்துவிட்டார்.