நோவும் வாய்மையும்

மனிதனுடைய துன்பத்தைத் தீர்ப்பதற்காக அவனிடம் பொய் சொல்லலாமா? இக்கேள்வி புதியதன்று. வள்ளுவர் தமது வாய்மை அதிகாரத்திலேயே இதனை எதிர்கொண்டார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் கூறிச் சென்றார். ஆயின், எந்த நன்மை குற்றமற்றது, அது யாருக்கு நன்மை, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் நம்மிடமே விடப்பட்டுள்ளன. இவற்றுக்கு விடை காண அறநூல்களை மாத்திரம் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தினுள்ளும் நாம் நுழைந்து பார்க்கலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசாங்க வைத்தியசாலை ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு தொடக்கம் 1998 வரை அங்கே முழங்கால் மூட்டுத் தேய்வினால் நோவுற்றிருந்தவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அக்காலத்தில் இந்நோய்க்கு ஒரு சத்திரசிகிச்சை பெருவழக்காக இருந்தது. மூட்டினுள்ளே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, உள்ளே உப்புநீர் பாய்ச்சிக் கழுவுவர். அல்லது கரடுமுரடாய்ப்போன குருத்தெலும்பைச் சுரண்டிச் சீராக்குவர். ஹூஸ்டனில் 180 நோயாளர் மூன்று பிரிவினராகக் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கழுவுதல் மட்டும். இன்னொரு பிரிவினருக்குச் சுரண்டிச் சீராக்கல். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் இல்லை.

அந்த மூன்றாம் பிரிவினருக்கு நிகழ்ந்ததுதான் நமது சிந்தனைக்குரியது. அவர்கள் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உறக்க மருந்து ஏற்றப்பட்டது. வைத்தியர் முழங்காலின் தோலில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் அளவில் மூன்று வெட்டுக்களை இட்டார். கருவிகளைக் கேட்டு வாங்கினார். உண்மைச் சிகிச்சையின்போது போலவே காலை மடக்கி நீட்டினார். மூட்டைக் கழுவும் ஓசை கேட்கும்படி நீர் சிதறடிக்கப்பட்டது. உண்மைச் சிகிச்சைக்கு வேண்டிய நேரம் முழுவதும் நோயாளி அங்கேயே வைக்கப்பட்டார். இரவில் அவரைப் பராமரித்த தாதியருக்கும் அவருக்கு எது செய்யப்பட்டது என்பது தெரியாது. மூட்டினுள்ளே மட்டும் எந்தக் கருவியும் நுழையவில்லை.

இரண்டாண்டுகள் இவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புரூஸ் மோஸ்லி, நெல்டா ரே முதலியோர் எழுதிய அவ்வறிக்கையின் சாரம் இதுதான்: நோவு குறைவதிலும் நடமாட்டம் கூடுவதிலும், உண்மைச் சிகிச்சை பெற்றோர் எந்தக் கட்டத்திலும் போலிச் சிகிச்சை பெற்றோரை விட மேம்பட்டிருக்கவில்லை.

இவ்வாறு செய்தது அறமா? "அறமன்று" என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வைத்தியன் கத்தியை எடுப்பது நோயாளியின் நன்மைக்காக. அவனுக்கு யாதொரு நன்மையும் பயவாது என்று தெரிந்தே அவன் தோலைக் கீறுவது, மனிதனைக் கருவியாக்குவதாகும். அறிவு வளர்வதற்காக ஒருவனுடைய உடல் ஆய்வுப் பொருளாகலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை அந்த உடல் யாருடையதாக இருக்கும்? செல்வனுடையதாகவா, ஏழையுடையதாகவா?

இந்த அச்சம் வீணன்று என்பதற்கு வரலாறு சான்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, வறிய கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோர் மேகநோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படாமல், அந்நோய் எவ்வாறு வளர்கின்றது என்று பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டிருந்தனர். 1966ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பேராசிரியர் ஹென்றி பீச்சர், அறத்துக்கு மாறானவை என்று தாம் கருதிய 22 ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டி வைத்திய உலகையே திடுக்கிடச் செய்தார். அவை நாசிகளின் முகாம்களில் நிகழ்ந்தவை அல்ல. புகழ்பெற்ற நிறுவனங்களில், கௌரவமான மனிதர்களால் நிகழ்த்தப்பட்டவை.

போலிச் சத்திரசிகிச்சை ஹூஸ்டனுக்குப் புதியதுமன்று. 1959ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் லெனாட் கொப் என்பவரும் அவருடைய தோழரும், நெஞ்சுநோவுக்காக அக்காலத்தில் மார்பின் உட்புற நாடியைக் கட்டிச் செய்துவந்த சிகிச்சையைச் சோதித்தனர். 17 நோயாளரில் சிலருக்கு நாடி கட்டப்பட்டது. மற்றையோருக்குத் தோல் மட்டுமே வெட்டப்பட்டது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே விதமாக நலம் கூறினர். அந்தச் சிகிச்சை விரைவில் வழக்கொழிந்தது. எத்தனையோ பேர் வீணான வெட்டிலிருந்து தப்பினர். ஆயினும், தமக்குப் போலிச் சிகிச்சை நடைபெறலாம் என்பது அந்த 17 பேருக்கும் சொல்லப்படவில்லை.

சியாட்டிலுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான். நியூரம்பேர்க் தீர்ப்பை ஒட்டி 1947இல் வகுக்கப்பட்ட நெறிகளின் முதல் வாக்கியமே, சோதிக்கப்படுபவரின் சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பதாகும். 1964இல் ஹெல்சிங்கியில் உலக வைத்திய சங்கம் வெளியிட்ட பிரகடனமும் இதனை வலியுறுத்திற்று. ஹூஸ்டனில் ஒவ்வொரு நோயாளியும், தமக்குப் போலிச் சிகிச்சை மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதையும், அது தம் மூட்டுநோயைக் குணப்படுத்தாது என்பதையும் தம் கைப்பட எழுதிக் கொடுத்த பின்னரே சேர்த்துக்கொள்ளப்பட்டார். தகுதி பெற்ற 324 பேரில் 144 பேர் "எமக்கு வேண்டாம்" என்று மறுத்துவிட்டனர். போலிப் பிரிவினருக்கு ஆபத்துக் குறைய வேண்டுமென்பதற்காக முழுமயக்கம் தவிர்க்கப்பட்டது.

அந்த 144 பேரின் மறுப்பை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அந்த ஆராய்ச்சியின் கௌரவம், கலந்துகொண்ட 180 பேரில் எவ்வளவு இருக்கின்றதோ, அவ்வளவு மறுத்த 144 பேரிலும் இருக்கின்றது. மறுக்க முடிந்த இடத்திலேதான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. தான் எந்தப் பிரிவில் விழுவேன் என்பது தெரியாது. ஆனால் தெரியாமலிருக்கத் தானே இசைந்தவன் ஏமாற்றப்பட்டவன் ஆகான். கூத்தில் அரசனாக வருபவன் அரசனல்லன் என்று அறிந்தே நாம் கூத்துப் பார்க்கின்றோம். அங்கே பொய் இல்லை. அறியாதவனிடம் அதே வேடத்தைக் காட்டி வரி வாங்கினால், அது மோசடி.

இப்பொழுது நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அந்த அறிக்கை வெளியான காலத்தில், ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்த மூட்டுச் சிகிச்சை செய்யப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் செலவு ஏறக்குறைய 5,000 டொலர். ஆண்டொன்றுக்கு முந்நூறு கோடி டொலருக்கு மேலான வியாபாரம்! இத்தனை பேரும் எந்தக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்கள்? "இச்சிகிச்சை பயன் தரும் என்பது நிரூபிக்கப்படவில்லை" என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? 60 பேருக்குச் சம்மதத்துடன் செய்த போலிச் சிகிச்சையைக் கண்டு பதறும் நமது மனச்சாட்சி, இலட்சக்கணக்கானோருக்குச் சோதிக்கப்படாத சிகிச்சையைச் செய்தபோது உறங்கிக்கொண்டிருந்தது. சோதிக்கப்படாத சிகிச்சையும் ஒரு பரிசோதனைதான். அதில் சம்மதமும் இல்லை, குறிப்பேடும் இல்லை. ஆகவே முடிவும் இல்லை.

அந்த வைத்தியர் எல்லோரும் பொய்யர் அல்லர். தம் நோயாளர் நலமடைந்ததை அவர்கள் கண்ணாற் கண்டனர். கண்டது மெய், காரணம் என்று கொண்டதே பிழை. மூட்டுநோவும் முதுகுநோவும் ஏறி இறங்கும் இயல்புடையன. நோவு உச்சத்தில் இருக்கும்போதே மனிதன் வைத்தியரை நாடுகின்றான்; உச்சத்துக்குப் பின் இறக்கமே பெரும்பாலும் வரும். அத்துடன் நம்பிக்கை, பராமரிப்பு, ஓய்வு, பின்னர் செய்யும் தேகப்பயிற்சி ஆகிய யாவும் சேர்ந்து நோவைத் தணிக்கின்றன. புகழோ கத்திக்குப் போய்ச் சேர்கின்றது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவினர் இல்லாதவரை இந்த மயக்கம் தெளியாது. 2008இல் கனடாவில் நிகழ்ந்த ஆராய்ச்சியும், இச்சிகிச்சை இயன்மருத்துவத்துக்கும் மருந்துக்கும் மேலாக எதையும் தரவில்லை என்று கண்டது. 2013இல் பின்லாந்தில் 146 பேரைக் கொண்டு முழங்காற் சவ்வுக் கிழிவுக்கான சிகிச்சையும், 2018இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியில் தோள்நோவுக்கான எலும்புச் சுரண்டலும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டன. அவையும் அதனை வெல்லவில்லை. சத்திரசிகிச்சை யாவும் வீண் என்பது இதன் பொருளன்று. எது வீண், எது வீணன்று என்பதைச் சோதனையே காட்டும் என்பதுதான் பொருள்.

இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. "போலிச் சிகிச்சையால் தணிந்த நோவு போலி நோவே" என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். இது கொடிய தவறு. நோவு என்பது எப்பொழுதும் அனுபவிப்பவனுடைய சொந்த அனுபவம். தனக்கு நோகிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்று 2020இல் சர்வதேச நோவு ஆராய்ச்சிச் சங்கம் தனது வரையறையிலேயே எழுதி வைத்தது. அதனை எழுதி வைக்க வேண்டியிருந்தமை ஏன்? எல்லோருடைய நோவும் ஒரே விதமாக நம்பப்படுவதில்லை என்பதனால் அல்லவா! 2016இல் வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வில், வெள்ளையின வைத்திய மாணவரிலும் பயிற்சி வைத்தியரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பின மக்களின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்களில் ஒன்றையேனும் நம்பியிருந்தனர். அவ்வாறு நம்பியோர் கறுப்பின நோயாளியின் நோவைக் குறைத்தே மதிப்பிட்டனர். நோவை அளக்கும் கோலைப் பிடித்திருக்கும் கையிலும் சமுதாயத்தின் அழுக்கு ஒட்டியிருக்கின்றது.

நோயாளியை ஏமாற்றினால்தான் நம்பிக்கை வேலை செய்யும் என்ற பழைய எண்ணமும் இன்று ஆட்டங்கண்டுவிட்டது. 2016இல் வெளியான லிஸ்பன் நகர ஆராய்ச்சி ஒன்றில், நாட்பட்ட முதுகுநோவு உடையோருக்கு, "இக்குளிசையில் மருந்து எதுவும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே போலிக் குளிசைகள் கொடுக்கப்பட்டன. மூன்று வாரங்களின் பின்னர், வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தோரைக் காட்டிலும் அவர்கள் நோவு குறைந்ததாகக் கூறினர். நூறு பேருக்கும் குறைவானோரைக் கொண்ட சிறு ஆராய்ச்சி அது. அதன்மேல் மாளிகை கட்டலாகாது. எனினும், உண்மையைச் சொல்லியே செய்யக்கூடியதைப் பொய் சொல்லிச் செய்வதற்கு வள்ளுவர் தந்த சலுகையை யாரும் காட்டமுடியாது.

உண்மை கண்டறியப்பட்டவுடன் அறத்தின் வேலை முடிந்துவிடுமா? இல்லை. ஹெல்சிங்கி நகரசபை ஊழியருள் திடீர் முதுகுநோவுற்ற 186 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி 1995இல் வெளியாயிற்று. இரண்டு நாள் படுக்கையில் ஓய்ந்திருந்தோரை விடவும், தனிப் பயிற்சிகள் செய்தோரை விடவும், தம்மால் இயன்ற அளவு அன்றாட அலுவல்களைத் தொடர்ந்தோரே விரைவில் தேறினர். படுக்கையே மருந்து என்ற நெடுநாளைய நம்பிக்கையை அது அசைத்தது. நல்ல உண்மை. ஆனால், இதே உண்மை முதலாளியின் கையில் எவ்வாறு ஒலிக்கும்? "ஓய்வு தேவையில்லை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது, எழும்பி வேலைக்குப் போ!" என்றல்லவா ஒலிக்கும்! "தம்மால் இயன்ற அளவு" என்ற மூன்று சொற்களும் அங்கே காணாமற் போய்விடும். தன் வேலையின் வேகத்தைத் தானே தீர்மானிக்கக்கூடியவனுக்கு அச்சொற்கள் மருந்து. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு வைக்கப்பட்டு, மலைச்சரிவில் கூடை சுமக்கும் பெண்ணுக்கு, இயன்ற அளவைத் தீர்மானிப்பவள் அவளா, கங்காணியா?

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்புநோவால் வருந்தினர் என்று கணிக்கப்பட்டுள்ளது. மனிதரை ஊனப்படுத்தி வாழவைக்கும் காரணங்களில் அதுவே முதன்மையானது. இத்தனை பேருக்கும் நல்வழி காட்ட ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்கு மனித உடல் வேண்டும். இதனை மறுப்பவன் நோயாளியின் நண்பன் அல்லன். ஆனால், அந்த உடலுக்கு உரியவன் அனைத்தையும் அறிந்து, மறுக்கும் வலிமையோடு நின்று, மனமுவந்து தர வேண்டும். ஆபத்தை ஒரு வர்க்கத்தாரும் பயனை இன்னொரு வர்க்கத்தாரும் பங்கிட்டுக்கொள்ளலாகாது. கண்ட முடிவு வியாபாரத்துக்குப் பாதகமானதாயினும் மறைக்கப்படலாகாது. இம்மூன்றும் கைகூடும் இடத்தில் கிடைப்பதையே குற்றமற்ற நன்மை என்று நாம் சொல்வோம்.

ஹூஸ்டனில் அந்தச் சிலர் தம் முழங்காலில் மூன்று சிறு தழும்புகளைத் தாங்கினர். அத்தழும்புகளால் அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. பின்வந்தோர் பலர் வீண் வெட்டுக்கு ஆளாகாமல் தப்ப வழி பிறந்தது. அவர்களுடைய பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. இனி ஒரு சிகிச்சை நமக்குப் பரிந்துரைக்கப்படும்பொழுது, "இது சோதிக்கப்பட்டதா? யாரைக் கொண்டு? அவர்களுக்கு எல்லாம் சொல்லப்பட்டதா?" என்று நாம் கேட்போமாக. வைத்தியரை அவமதிப்பதற்காக அன்று. அந்தப் பெயரற்றவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனுக்காக.