அம்பாவும் அடுக்களையும்

இன்பம் வேறெங்கும் இல்லை, உன் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது என்று சொல்லாத அறிஞர் இல்லை. குழந்தையின் மழலையையும், உலைநீர் கொதிக்கும் ஓசையையும், அந்தியில் வீடு திரும்புவோரின் காலடியையும் மனமூன்றிக் கவனிப்பவர்க்கு வாழ்க்கை அலுப்பதில்லை. கலையின் ஊற்றும் அங்கேதான் என்கிறார்கள். இக்கூற்றில் உண்மை உண்டு. நாம் அதை மறுக்கப் போவதில்லை. ஆயினும், ஓர் உண்மையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பொருளும் மாறிவிடுகிறது. வயிறு நிறைந்தவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஞானம். தன் கூலியாளுக்குச் சொன்னால் அது தந்திரம்.

எனவே இக்கேள்வியை ஏட்டில் வைத்து ஆராய்வதை விட, உழைப்பும் குடும்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓரிடத்தில் வைத்து ஆராய்வதே நன்று. இலங்கையின் மேற்கே புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை அதற்கு ஏற்ற இடம்.

சிலாபத்துக்கு வடக்கே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாக அமைந்த ஊர் உடப்பு. தமிழ் மீனவர் வாழும் கிராமம். திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்பும் அவ்வூரை நாடறியச் செய்தவை. அதற்கு இணையாகப் பேசப்பட வேண்டிய மற்றொரு செல்வமும் அங்கு உண்டு: கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு.

கரைவலையின் கயிற்று நுனி ஒன்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் செல்கிறது. வலையை அரைவட்டமாக வளைத்து இறக்கிவிட்டு, மற்றக் கயிற்றுடன் கரை சேர்கிறது. இரண்டு கயிறுகளையும் இரு அணியினர் பற்றி இழுக்கிறார்கள். வலையின் நடுவே உள்ள மடி கரைக்கு வந்து சேரும் வரை மணிக்கணக்காக இழுத்தாக வேண்டும். ஒருவர் முன்னே பாடுவார். ஏனையோர் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவார்கள். அந்த ஏற்றுப்பாடலின் அழுத்தம் விழும் இடத்தில்தான் அத்தனை கைகளும் ஒருசேரக் கயிற்றைச் சுண்டி இழுக்கின்றன. தெய்வத்தை அழைப்பதும் கடலை நோவதும் வீட்டை நினைப்பதும் அப்பாட்டின் பொருள். அதை ஆக்கியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உழைப்பின் களைப்பை ஆற்றுவதற்கும், பல கைகளை ஒரு கையாக்குவதற்கும் பிறந்த கலை அது. அன்றாட வாழ்வில் படைப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆனால் இங்கேதான் நாம் விழிப்புடன் இருக்க வேண்டும். "பார்த்தீர்களா, இவர்கள் பாடிக்கொண்டே உழைக்கிறார்கள், இவர்களுக்கு என்ன குறை?" என்று கேட்பவர் உடனே முளைத்துவிடுவார். குறை என்னவென்று கணக்கைப் பார்த்தால் தெரியும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயை நம்பியே கடலுக்குப் போகின்றன. விலை நான்கு மடங்கானபோது, படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு அதன் நிழலில் குந்தியிருந்தவனிடம் சென்று, இக்கணத்தின் இன்பத்தை உணர்வாயாக என்று உபதேசிக்க எவர்க்கு நா எழும்?

மற்றொன்றும் நிகழ்ந்திருக்கிறது. பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழல் உருளை கரைவலைக் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. உடலின் வலி குறைந்தது நல்லதே. வலிதான் பாட்டுக்குத் தாய் என்று சொல்லி எந்திரத்தை வெறுப்பவர் அல்லர் நாம். ஆனால் எந்திரம் மிச்சப்படுத்திய நேரமும் கூலியும் யார் பக்கம் சேர்ந்தன என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். பாட்டும் போய், வேலையும் போய், கையில் ஓய்வும் இல்லையென்றால் அதற்கு முன்னேற்றம் என்று பெயரிட முடியாது.

இனிக் கரையை விட்டு வீட்டுக்குள் செல்வோம். கரையிலே வலை இழுப்பவனுக்குப் பின்பாட்டுப் பாட இருபது குரல்கள் உண்டு. அவன் மனைவிக்கு? விடியுமுன் அடுப்பு மூட்டுகிறாள். தண்ணீர் கொண்டுவருகிறாள். மீனை வகிர்ந்து உப்பிட்டு மணலில் காய வைக்கிறாள். காக்கைக்கும் மழைக்கும் காவலிருக்கிறாள். இடையே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். இரவில் அதே பிள்ளையின் தம்பியைத் தொட்டிலில் இட்டு ஆட்டுகிறாள். அவளுக்கும் பாட்டு உண்டு, அது தாலாட்டு. ஆனால் அம்பாவைப் போல அதை ஏற்றுப் பாட எவரும் இல்லை. கேட்பவனோ உறங்கிவிடுகிறான். தனிக்குரலாய்த் தொடங்கித் தனிக்குரலாகவே முடிந்துவிடும் பாட்டு அது.

இது உடப்புக்கு மட்டும் உரிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி என்னும் இல்லத்தரசி, பெண் படித்தால் குடிகெடும் என்று அஞ்சிய காலத்தில், சைதன்ய பாகவதச் சுவடியின் ஏடு ஒன்றை அடுக்களையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய எழுத்துகளோடு ஒப்பிட்டுத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய தன்வரலாறே வங்க மொழியின் முதல் தன்வரலாறாக மதிக்கப்படுகிறது. அடுக்களையில் படைப்பாற்றல் பிறக்கும் என்பதற்கு அவர் சான்று; ஒளித்து வைத்தால்தான் அங்கே அது பிழைக்கும் என்பதற்கும் அவரே சான்று. 1929இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், பெண் எழுதுவதற்குத் தனியறையும் சொந்த வருவாயும் வேண்டுமென வாதிட்டார். தனியறை என்பது கிடுகுக் குடிசைக்கு எட்டாத கனவு. அக்கனவு நனவாகும் வரை, அறைக்கு ஈடாக ஒரு நாழிகை நேரமாவது அவளுக்கு வேண்டாமா?

இதே கரை மற்றுமொரு பாடத்தையும் நமக்குச் சொல்கிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இருந்தோர்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களுள் பெரும்பாலோர் வந்தடைந்தது புத்தளம் மாவட்டத்தை. நிலமும் நகையும் கடையும் பறிபோன பின் எஞ்சியது குடும்பம் ஒன்றே. முகாம்களிலும் குழந்தைகள் பிறந்தன, நோன்புப் பெருநாள் வந்தது, தாய்மார் தாலாட்டினர். மனிதர் எந்நிலையிலும் மகிழ்ச்சியை முளைக்க வைப்பர் என்பது அவர்தம் பெருமை. ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி அவர்தம் வீட்டையும் நிலத்தையும் மறக்கச் சொல்வது அநீதி. பாதிக்கப்பட்டவரின் சிரிப்பு, பறித்தவரின் குற்றத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

அப்படியாயின் நமது முடிவு யாது? நீதி முழுதும் நிலைபெறும் நாள் வரை சிரிக்காதே என்று நாம் சொல்லவில்லை. அது உழைப்பவர்க்கு இழைக்கும் இரண்டாவது வஞ்சனை. எளியோர் வீட்டில் இன்பமே இல்லை என்று எழுதுகிறவன், அவர்களிடம் மனித உள்ளம் இல்லை என்றே எழுதுகிறான். அதே வேளை, இன்பத்தைக் காட்டி நீதியைத் தள்ளிப்போடவும் நாம் இசையோம். வானத்து நிறத்தையும் குழந்தையின் சொல்லையும் கவனிப்பதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சமுதாயம் நியாயமான கூலியாலும் ஓய்வாலும் தர வேண்டும். குடும்பம் வேலையைப் பகிர்ந்து தர வேண்டும். முதலாவதற்கு நெடிய போராட்டம் தேவை. இரண்டாவதற்கு இன்றிரவே தொடங்கலாம். எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை.

ஏனெனில், பிறர் முதுகில் ஏறி நின்று நுகரும் அமைதி அமைதியன்று. தந்தை திண்ணையில் அமர்ந்து கடற்காற்றில் மனம் கனிந்து பாட்டெழுதுகிறான். உள்ளே தாய் புகையில் இருமுகிறாள். அவ்வீட்டை இன்பம் குடியிருக்கும் வீடு என்று நாம் சொல்லோம்.

கரைவலை இழுப்போர்க்கு இது தெரியாததன்று. ஒரு கயிற்றை மட்டும் இழுத்தால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும் என்பதை அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். முன்பாட்டுக்காரர் களைத்தால் மற்றொருவர் பாட்டை ஏற்க வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அந்த அறிவை மணலோடு உதறிவிட்டு வராமல் வீட்டு வாசலுக்குள்ளும் கொண்டு வரட்டும். தொட்டிலை ஆட்ட அவன் கையும் நீளட்டும். பானை கழுவ மகனும் பழகட்டும். அன்று அவள் பாட்டுக்கும் ஒரு பின்பாட்டுக் கிடைக்கும்.