புள்ளும் தொழிலும்: பரத்பூர் ஈரநிலம் எழுப்பும் அறவினா

முன்னுரை

பிற உயிர்களைக் காத்தல் அறம் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், ஓர் உயிரைக் காக்கும்பொருட்டு அதனை அடுத்து வாழும் மக்களின் வாழ்வுரிமையை நீக்கலாமா என்னும் வினாவிற்கு விடை எளிதன்று. இராசத்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டைக்களமும் காப்பிடமும்

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இவ்விடம் முற்றிலும் இயற்கையாக அமைந்ததன்று. அஜான் அணைக்கட்டின் நீரைத் தாழ்நிலத்தில் தேக்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரத்பூர் அரசர்கள் இதனை வாத்து வேட்டைக்களமாக வளர்த்தெடுத்தனர். 1938இல் வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதலியோரின் முயற்சியால் இது பறவைகளின் காப்பிடமாயிற்று. 1981இல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலிலும் 1985இல் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

1982இல் பூங்காவினுள் கால்நடை மேய்த்தல் தடைசெய்யப்பட்டது. நெடுங்காலமாக அங்கே எருமை மேய்த்து வந்த சுற்றுப்புற ஊரார் இதனை எதிர்த்தனர். அப்போது நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். தடைக்குப் பின் நிகழ்ந்தது எதிர்பாராதது. எருமைகள் மேய்ந்து வந்த நீர்ப்புற்கள் மண்டி வளர்ந்தன. திறந்த நீர்ப்பரப்புச் சுருங்கியது. நீர்ப்பறவைகள் இரைதேடும் இடம் குறைந்தது. புல்லின் பெருக்கத்தை எருமைகளே கட்டுப்படுத்தி வந்தன என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு புலப்படுத்தியது.

பயனும் உரிமையும்

இம்முடிவைக் கொண்டு, மேய்ச்சல் பறவைகளுக்கு நன்மை செய்தது. ஆகவே தடை தவறு என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் முழுமையானதன்று. ஆய்வின் முடிவு வேறாக இருந்திருப்பின், ஊராருக்கு இழைக்கப்பட்டது நீதியாகிவிடுமா? ஆகாது. அவர்களைக் கேளாமலும் மாற்றுவழி காட்டாமலும் வாழ்வாதாரத்தைப் பறித்ததே தவறு. அத்தவறு எருமையின் பயனைப் பொறுத்ததன்று. அவ்வாறே, பறவையின் வாழ்வுரிமையும் அதனால் மனிதருக்கு விளையும் பயனைப் பொறுத்ததன்று. ஒன்றின் உரிமையைப் பயன் கருதாது ஏற்போர் மற்றதன் உரிமையை மட்டும் பயன்கொண்டு அளத்தல் முரணாகும்.

தமிழ்த் திணைக்கோட்பாடு இவ்விடத்துக் கருதத்தக்கது. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் வரிசையில் புள்ளும் மக்களின் தொழிலும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. ஒன்று உள்ளே, மற்றது வெளியே என்னும் பாகுபாடு அங்கில்லை. இரண்டும் ஒரே நிலத்தையும் பொழுதையும் சார்ந்தவை. இது கவிதைக்குரிய இலக்கணமேயன்றி நிருவாக விதியன்று என்பது உண்மையே. எனினும், மக்களை நீக்கிய நிலத்தையே இயற்கை எனக் கொள்ளும் பார்வை ஒன்றே பார்வை அன்று என்பதை அது நினைவூட்டுகிறது.

தீராத முரண்

இங்ஙனம் கூறுவதால் முரண்கள் தீர்ந்துவிடுவதில்லை. கம்பீர் ஆற்றின் குறுக்கே பஞ்சனா அணை எழுந்தபின் பூங்காவிற்கு வரும் நீர் குறைந்தது. அணைநீரை நம்பியிருக்கும் உழவரின் தேவை பொய்யன்று. வறண்ட குளத்தில் கூடுகட்ட இயலாத நாரையின் தேவையும் பொய்யன்று. 2002க்குப் பின் சைபீரியக் கொக்கு இங்கு வருவதில்லை. அது வலசை வரும் வழியில் வேட்டையாடப்பட்டதும் அதன் அழிவிற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஒரு பூங்காவின் சுற்றுச்சுவர் காக்கக்கூடியதன் எல்லையை இது உணர்த்துகிறது.

முடிவுரை

பறவைக்கு வாயில்லை, அதற்காக மனிதரே பேசவேண்டும். ஆனால், அதற்காகப் பேசுவோர் அந்நிலத்தில் வாழும் பிறரின் வாயை அடைத்தல் அறமாகாது. பின்னாளில் பரத்பூரில் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்றும் பணியில் சுற்றுப்புற ஊராரும் ஈடுபடுத்தப்பட்டனர். 1982இல் அயலாராகக் கருதப்பட்டோர் காப்புப் பணியில் பங்காளராயினர். இம்மாற்றம் உயிர்ப்பலிக்குப் பின் வந்தது என்பதே நாம் மறக்கலாகாதது. காப்பு என்பது யாரை விலக்குவது என்பதில் தொடங்காமல், யாரைக் கேட்பது என்பதில் தொடங்கவேண்டும்.